நகையின் பள்ளியில் பயின்றவர்

அழ வைப்பவனுக்கு மாலை. சிரிக்க வைப்பவனுக்கு வெறுங் கைதட்டல். எந்நாட்டுக் கலையுலகிலும் இவ்வழக்கம் உண்டு. மெய்ப்பாடு எட்டனுள் நகையைத் தொல்காப்பியர் முதலில் வைத்தார் என்று வகுப்பில் சொல்லும் நாமும் இதற்கு விலக்கல்லோம். அமெரிக்க இயக்குநர் பென்னி மார்ஷல் அம்மையாரின் படங்களை வரிசையாகக் கண்டபோது இவ்வெண்ணம் என்னை உறுத்திற்று.

1943-இல் பிறந்த இவர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தவர். தாயார் நடன ஆசிரியை. தமையனார் கேரி மார்ஷலின் கைவண்ணமான 'லவெர்ன் அண்ட் ஷர்லி' என்னும் தொலைக்காட்சித் தொடரில் (1976–1983), பீர் ஆலைத் தொழிலாளிப் பெண்ணாக நடித்துப் பெரும்புகழ் பெற்றார். தமையன் கைகொடுத்தார் என்பது மெய்யே. ஆனால், பார்வையாளர் முன் நின்று, எந்த நொடியில் சிரிப்பு எழும், எந்த நொடியில் எழாது என்று ஆண்டுக் கணக்கில் கற்றது அவரது சொந்த உழைப்பு. அத்தொடரின் சில பகுதிகளை இயக்கியும் பழகினார். 1986-இல் வந்த முதற்படம், வேறோர் இயக்குநர் தொடங்கி விட்டுப்போனது. அதில் அவர் முத்திரையைத் தேடுவது வீண்.

முத்திரை 1988-இல் வந்த 'பிக்' படத்தில் விழுந்தது. சிறுவன் ஒருவன் பெரியவனாக வேண்டுமென விரும்பி, மறுநாள் வளர்ந்த ஆடவனாய் விழிக்கிறான். கோமாளிக் கூத்தாகிவிடக்கூடிய கதை. அம்மையார் என்ன செய்தார்? வளர்ந்தவனுக்குரிய காட்சிகளை முதலில் சிறுவன் டேவிட் மாஸ்கோவை நடிக்கச் செய்து, அவன் நடையையும் கையசைவையும் டாம் ஹாங்ஸ் கண்டு பின்பற்றுமாறு வைத்தார். அதனால் ஹாங்ஸ் சிறுபிள்ளையைப் 'போலச்' செய்யவில்லை, சிறுபிள்ளையாகவே இருக்கிறார். நகை எள்ளலில் மட்டுமன்றி இளமையிலும் பிறக்கும் என்பதற்கு வகுப்பில் காட்டத்தக்க சான்று இது. விருந்தில் பிஞ்சுச் சோளத்தை அவன் முழுக்கதிர்போல் கொறிக்கும்போது நாம் சிரிக்கிறோம். அவனை இகழ்ந்து அன்று.

பெண் ஒருவர் இயக்கிய படம் அமெரிக்காவில் பத்துக் கோடி டாலருக்கு மேல் ஈட்டியது இதுவே முதன்முறை. ஹாங்ஸின் பெயர் ஆஸ்கார் பட்டியலில் ஏறிற்று. 1990-இல் வந்த 'அவேகனிங்ஸ்' சிறந்த படத்திற்கான பட்டியலிலேயே இடம் பெற்றது. இருமுறையும் இயக்குநர் வரிசையில் அம்மையாரின் பெயர் இல்லை. படம் தானே தன்னை இயக்கிக்கொண்டதோ? பல்லாண்டு உறைந்து கிடந்த நோயாளிகள் மருந்தால் விழித்தெழும் அக்கதையில், முடிவுப் பகுதியில் இசை தேவைக்கு மேல் இரங்குகிறது என்பது என் குறை. எனினும், மரம்போல் அமர்ந்திருப்பவர் எறிந்த பந்தைச் சட்டெனப் பிடிக்கும் காட்சியில், வியப்புக்கும் சிரிப்புக்கும் இடையே நம்மை நிறுத்துவது நகைச்சுவையில் பழகிய கையேயாகும்.

பிற்காலப் படங்கள் தளர்ந்தவை. 2001-க்குப் பின் அவர் திரைப்படக் கதை எதனையும் இயக்கவில்லை. 2018-இல் மறைந்தார்.

என் கணிப்பில் அவரது உயர்ந்த படம், 1943 முதல் 1954 வரை நடந்த பெண்கள் பேஸ்பால் போட்டிக் குழுக்களைப் பற்றிய 'எ லீக் ஆஃப் தெயர் ஓன்' (1992). அப்போட்டிகளில் கறுப்பினப் பெண்களுக்கு இடமில்லை. படத்தில், எல்லைக்கப்பால் உருண்ட பந்தை ஒரு கறுப்பினப் பெண் எடுத்து, ஆட்டக்காரியின் கை கன்றும்படி வீசி, தலையசைத்துத் திரும்புகிறாள். பேச்சே இல்லை. சில நொடிகளில் முடிகிறது. இன்னுஞ் சற்று அங்கே நின்றிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நின்றிருந்தால் அவ்வளவு கூர்மை இராது என்று என் நண்பரான ஆசிரியர் ஒருவர் வாதிடுகிறார்.