தீப்பாறைகளின் பிறப்பும் ஒட்சைட்டுகளின் சான்றும்

தீப்பாறைகளின் பிறப்பை ஆராய்வோர் விலக்கிச் செல்லவொண்ணாத நூல், 1928 ஆம் ஆண்டில் வெளிவந்த போவெனின் 'தீப்பாறைகளின் கூர்ப்பு' ஆகும். பசால்ற்றுப் பாறைக்குழம்பு குளிருங்கால் முதலில் உருவாகும் பளிங்குகள் பிரிந்து நீங்க, எஞ்சிய குழம்பு படிப்படியாகச் சிலிக்கா மிகுந்து, ஈற்றில் கருங்கல்லை ஒத்த இயல்பினை அடையும் என்பது அந்நூலின் துணிபு.

அவரோடு வாஷிங்டனில் ஒரே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பென்னர் 1929 இல் இதனை மறுத்தார். எஞ்சுங் குழம்பில் மிகுவது இரும்பே என்பது அவர் கூற்று. 1939 இல் வேகரும் டியரும் கிழக்குக் கிறீன்லாந்தின் ஸ்கேர்கார்ட் பாறைத்தொகுதி பற்றி வெளியிட்ட ஆய்வு பென்னருக்குத் துணைநின்றது. குழம்பு உறைய உறைய இரும்பு பெருகியமையை அங்குள்ள பாறையடுக்குகள் காட்டின. எனினும் எரிமலைத் தொடர்கள் பலவற்றின் பாறைகள் போவென் வகுத்த வழியிலேயே அமைந்துள்ளன. அவ்வாறாயின் எவர் கூற்று மெய்?

விடை, பாறையிற் சிறு பங்கினதாகிய மகனதைற்று என்னும் இரும்பொட்சைட்டிலே கிடந்தது. பெரிக்கு நிலையிலுள்ள இரும்பின்றி மகனதைற்று உருவாகாது. அந்நிலையை மிகுவிப்பது ஒட்சிசன். ஒட்சிசனமுக்கம் தாழாது நிலைக்குமாயின் மகனதைற்று முன்னரே பளிங்காகி இரும்பைக் கவர்ந்துவிடும். எஞ்சுவது சிலிக்கா மிக்க குழம்பு. அமுக்கம் தாழுமாயின் மகனதைற்றின் வரவு பிந்தும். இரும்பு குழம்பிலேயே தங்கிப் பெருகும். 1959 இல் ஒஸ்போர்ன் இதனைப் பரிசோதனைகளின் துணைகொண்டு விளக்கினார். ஆகவே இருவரும் கூறியன வெவ்வேறு நிலைமைகளுக்குரிய உண்மைகளே.

போவெனின் தருக்கத்திற் பிழை காண்டல் அரிது. குறை அடித்தளத்தில் உள்ளது. அவர் சான்றாகக் கொண்ட பரிசோதனைகள் பெரும்பாலும் இரும்பற்ற சிலிக்கேற்றுக் கலவைகளில் நிகழ்ந்தவை. அங்கு ஒட்சிசனின் ஏற்றத்தாழ்வுக்கு இடமில்லை. அம்முடிவுகளை இரும்பு நிறைந்த இயற்கைக் குழம்புகளுக்கும் பொதுவாக்கியமையே நூலின் எல்லை.

இதனால் ஒட்சைட்டுகளின் சான்றை ஆராயாது ஏற்றலும் தகாது. உடனுறையும் மகனதைற்றிலும் இல்மனைற்றிலும் தைத்தேனியம் பங்கிடப்பட்டுள்ள முறையைக் கொண்டு, வெப்பநிலையையும் ஒட்சிசன் நிலையையும் ஒருங்கே கணிக்கும் வழியைப் படிங்டனும் லின்ஸ்லியும் 1964 இல் வகுத்தனர். விரைந்து குளிர்ந்த எரிமலைப் பாறைகளில் இவ்வழி நன்கு பயன்படும். ஆழத்தில் மெல்லக் குளிர்ந்த பாறைகளிலோ, உறைந்த பின்னரும் அவ்விரு கனிப்பொருள்களும் தம்முள் மாற்றமடைகின்றன. அவை காட்டும் வெப்பநிலை பாறை பிறந்த காலத்ததன்று, பிற்காலத்தது.

சிலிக்கேற்றுகள் குழம்பின் போக்கை உரைக்க, ஒட்சைட்டுகள் அப்போக்கின் காரணத்தை உரைக்கின்றன. ஒன்றை விடுத்து மற்றொன்றால் மட்டும் பாறையின் வரலாற்றை எழுதுதல் இயலாது.