0.84 × 0.5: இலைக்குள் ஒரு ஹார்டுகோட்

கைக்கு அடக்கமான கருவியை இலையில் கவ்வ வைத்தால் சில நொடிகளில் ஒரு எண் வரும். அதை "ஒளிச்சேர்க்கை வேகம்" என்று வாசிக்கிறார்கள். கருவி மேல எனக்குப் புகார் இல்லை. எண்ணுக்கு வைக்கிற பெயர் மேலதான்.

இலை உறிஞ்சும் ஒளி வேதிவினைக்குப் போகும், அல்லது வெப்பமாகும், அல்லது சிவப்பொளியாகத் திரும்பி வரும். கடைசிப் பங்கு ஓரிரு சதவீதம்தான். இருட்டில் வைத்த இலையில் வெளிச்சம் பட்டதும் அந்தச் சிவப்பு ஏறி இறங்குவதை 1931-ல் காவுட்ஸ்கியும் ஹிர்ஷும் எழுதினார்கள். இந்தச் சின்னக் கசிவை வைத்து வேதிவினைக்குப் போன பங்கைக் கணிக்க 1989-ல் ஜென்டி, பிரியான்டே, பேக்கர் மூவரும் எளிய விகிதம் ஒன்றைத் தந்தார்கள். அழகான வேலை, இன்றும் நிற்கிறது.

சிக்கல் அடுத்த படியில். விகிதத்தை எலக்ட்ரான் ஓட்டமாக மாற்ற, விழும் ஒளியோடு 0.84, 0.5 என்ற இரண்டு எண்களாலும் பெருக்குகிறார்கள். இலை 84% ஒளியை உறிஞ்சும், அதில் பாதி ஃபோட்டோசிஸ்டம் இரண்டுக்குப் போகும் என்ற ஊகம். வெளுத்த இலைக்கும் ரோமம் படர்ந்த இலைக்கும் அதே 0.84-ஆ? எங்க தொழில்ல இதுக்குப் பேர் ஹார்டுகோட், ரிவ்யூவைத் தாண்டாது. இதை வைத்து இரண்டு ரகங்களை ஒப்பிட்டால், கிடைப்பது ரகத்தின் வித்தியாசமா, இலை நிறத்தின் வித்தியாசமா?

0.83 இன்னொரு பிரபல எண்: இருட்டில் வைத்தெடுத்த ஆரோக்கியமான இலையின் உச்ச விகிதம். வறட்சி தொடங்கினால் இலைத்துளைகள் மூடும், கார்பன் டை ஆக்சைடு வரத்து குறையும். இந்த எண் பெரும்பாலும் அசையாது. "செடி நல்லாத்தான் இருக்கு" என்று பாசனத்தைத் தள்ளிப்போட்டால் நஷ்டம் விவசாயிக்கு.

வெப்பத்தையே அளக்கலாமே? விட்டுவிட்டு விழும் ஒளி பொருளில் ஒலி எழுப்பும் என்று 1880-லேயே கிரஹாம் பெல் கண்டார். இலைத்துண்டை மைக் பொருத்திய சிறு அறையில் அடைத்து, ஒளியை நொடிக்குச் சில நூறு முறை துடிக்க விட்டால் கேட்பது வெப்பம் மட்டும். வேகத்தைச் சில பத்துக்குக் குறைத்தால் ஆக்சிஜன் வெளிவருவதும் சேர்ந்து கேட்கும்! வேகத்துடிப்பின்போது கூடவே கடும் வெளிச்சத்தைத் தொடர்ந்து அடித்தால் வேதிவழி அடைபடும், ஒலி ஏறும். அந்த ஏற்றம்தான் இலை சேமித்துக்கொண்டிருந்த பங்கு. 0.84 தேவையே இல்லை. இலையே தனக்கு அளவுகோல்.

வயலுக்குத் தூக்கிப் போகிற சங்கதி இல்லைதான். அது காட்டுவதும் நொடியின் சிறு துணுக்குக்குள் சேமித்ததை, சர்க்கரையை அல்ல. ஆனால் கவ்விக் கருவியோடு வரும் கட்டுரைகள் ஒன்றையாவது செய்யலாம்: பெருக்காத விகிதத்தையும் அச்சிட்டு, உறிஞ்சும் பங்கை அளந்தார்களா, ஊகித்தார்களா என்று ஒரு வரி எழுதலாம்.