மாயா நிலப்படமும் பொய்ச் சூரியனும்

குவாத்தமாலாவின் வடபகுதிக் காடுகள்மீது விமானத்திலிருந்து லேசர்க் கதிர் பாய்ச்சி அளந்த நில உயரப் படங்கள் 2018-இல் வெளியாயின. 2,100 சதுர கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த பரப்பில் மாயா மக்களின் 61,480 பழைய கட்டட அமைப்புகள்! வியப்புத்தான். எனினும், செய்தித்தாள்கள் அவற்றைப் புகைப்படம்போல் காட்டியது பொருத்தமன்று.

இலைகளின் இடுக்கில் நுழைந்து தரையைத் தொட்டு மீண்ட புள்ளிகள் எவை எனக் கணிப்பொறிதான் பிரிக்கிறது. சல்லடை மிக நுண்ணிதானால் தாழ்ந்த மேடையும் புதரோடு கழிந்துவிடும். படத்தில் விழும் நிழலோ கற்பனைச் சூரியனுடையது. வழக்கப்படி வடமேற்கிலிருந்து ஒளியிட்டால், அத்திசையிலேயே ஓடும் சுவர் ஏறக்குறைய மறைந்துபோகும். ஆய்வாளர்கள் சில இடங்களுக்கு நேரில் சென்றும் சரிபார்த்தனர். வாசகருக்கோ கிடைத்தது ஒரே நிழல். ஒளியைத் திருப்பிய மற்றொரு படத்தையும் அருகில் அச்சிட்டிருக்கலாமே!