கொல்லைப்புறத்து நந்தவனம்

அண்டை வீட்டில் கேட்டு வாங்கிய முருங்கைப் போத்தை வேலியோரம் ஊன்றி, அதன் வெட்டுவாயில் பசுஞ்சாணம் அப்பி, பாத்திரம் கழுவிய ஜலம் வீணாகாமல் ஓடிச் சேரும் வாய்க்கால் முனையில் வாழைக்கன்றை வைத்து, கிணற்றடியில் செம்பருத்திக் குச்சியும் நந்தியாவட்டைக் குச்சியும் நட்டுவிட்டு, அதிகச் செலவின்றி ஒரு நந்தவனத்தையே சிருஷ்டித்துவிடும் நம் வீட்டுப் பெண்களின் கைவண்ணத்தை நான் பெரிதும் வியக்கிறேன். சாணம் காய்ந்து வெடித்த அந்த மொட்டைத் தலைக்குக் கீழே, பட்டையைப் பிளந்துகொண்டு, பாசிப்பயறளவு பச்சைத் துளிர் எட்டிப்பார்க்கும் காலைப்பொழுதின் சௌந்தர்யம் எந்த ராஜ உத்தியானவனத்திலும் கிட்டாது. அரிசி களைந்த நீரும் அந்த வாழைக்கே போகிறது. குலை முற்றி அறுத்ததும் தாய்மரத்தை வெட்டிவிடலாம். அருகிலேயே பக்கக்கன்று தயாராக நிற்கும். மறுமுறை கன்று வாங்கும் செலவே கிடையாது.