தள்ளுவண்டியும் தலைவிதியும்

ரமின் பஹ்ரானி இயக்கி 2005-இல் வெளிவந்த 'மேன் புஷ் கார்ட்' என்னும் படக்காட்சி, அந்நிய நகரில் வாழ்வை மீண்டும் தொடங்க முயலும் ஒருவனது வரலாறாகும். பாக்கிஸ்தானில் பாடகனாய்ப் புகழெய்திய அகமது, மனைவியை இழந்து, மகனைப் பிரிந்து, நியூயார்க்கு வீதிகளில் விடியுமுன் காப்பி வண்டியை இழுத்துச் செல்கிறான். மோட்டார்களுக்கிடையே மனிதன் மாடாய் உழைக்கும் இக்காட்சி பன்முறை வருகின்றது. சலிப்பூட்டுவதென்பர் சிலர், அச்சலிப்பே அவனது வாழ்வென்பதை அன்னார் உணர்ந்திலர்.

வீட்டுக்கு வண்ணம் பூச அவனை அமர்த்திய சொந்த நாட்டுச் செல்வனொருவன், அவன் யாரென்றறிந்ததும் பாட்டுத்துறையில் தூக்கிவிடுவதாய் வாக்களிக்கின்றான். வாக்குறுதி பெரிது; பயன் சிறிது. இரக்கமும் எசமானத்தனமும் ஒருவனிடமே குடியிருப்பதை நன்கு காட்டியிருக்கின்றனர்.

குறையுமுண்டு. எடுத்து வளர்த்த பூனைக்குட்டி மடிகின்றது. வண்டியும் களவு போகின்றது. இங்ஙனம் துன்பத்தின்மேல் துன்பத்தை அடுக்குங்கால், காண்போர் நகரத்தின் கொடுமையை மறந்து தலைவிதியை நோவர். விதியென்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்பாரில்லை. அதுவே நமது அச்சம்.

ஆயினும், உழைத்தவனெல்லாம் உயர்வானென்னும் இனிய பொய்யை இப்படம் உரைக்கவில்லை. அந்நேர்மை ஒன்றுக்காகவே அறிவுடையோர் இதனைக் காணல் வேண்டுமென்பது நமது துணிபு.