மனச்சாட்சியும் சர்க்கரையும்: அடிமை ஒழிப்பு ஆய்வுகளில் ஒரு நீண்ட வழக்கு

டிரினிடாட்டில் பிறந்த எரிக் வில்லியம்ஸ் 1944இல் ‘முதலாளியமும் அடிமைமுறையும்’ என்ற நூலை வெளியிட்டார். பின்னாளில் தம் நாட்டின் முதல் பிரதமரான அவர், பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர்கள் பெருமையோடு சொல்லிவந்த கதையில் கைவைத்தார். 1807இல் அடிமை வணிகத்தையும் 1833இல் அடிமைமுறையையும் பிரிட்டன் ஒழித்தது கிறித்தவ மனச்சாட்சியால் என்பது அந்தக் கதை. அமெரிக்கா கைவிட்டுப் போனபின் மேற்கிந்தியக் கரும்புத் தோட்டங்கள் நொடித்தன. தோட்டக்காரர்கள் அனுபவித்த வணிகச் சலுகை புதிய ஆலை முதலாளிகளுக்கு இடையூறானது. அதனால்தான் அடிமை ஒழிப்புக்காக நாடாளுமன்றத்தில் வாதாடிய வில்பர்ஃபோர்ஸின் பேச்சு எடுபட்டது என்றார் வில்லியம்ஸ். ஓர் இயக்கத்தின் கொள்கைக்கும் பொருளியல் நலனுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் செழிப்பான வழக்கு இல்லை.

வலுவான மறுப்பு 1977இல் வந்தது. வரலாற்றாசிரியர் சீமோர் டிரெஷர் வணிகக் கணக்குகளைக் கொண்டு, 1807இல் தோட்டத்தொழில் நலிந்திருக்கவில்லை, வளர்ந்துகொண்டிருந்தது என்று காட்டினார். ஆப்பிரிக்கக் கரைக்குத் துணி அனுப்பிப் பிழைத்த மான்செஸ்டரில் 1788இலேயே பத்தாயிரம் பேருக்கு மேல் அடிமை வணிகத்தை எதிர்த்து மனுவில் கையெழுத்திட்டிருந்தார்கள். 1791க்குப் பின் பல்லாயிரம் வீடுகள் மேற்கிந்தியச் சர்க்கரையை விலக்கின. இவர்கள் வருவாயைப் பார்த்து இவர்கள் கொள்கையைச் சொல்லிவிட முடியாது.

டேவிட் பிரயன் டேவிஸ் 1975இல் எழுதியது இன்னும் நுட்பமானது. இயக்கத்தார் வஞ்சகர் அல்லர். ஆனால் அடிமைமுறை ஒன்றையே பெரும்பாவமாக அவர்கள் நிறுத்தியதில், ஆலைகளில் பிழியப்பட்ட கூலி உழைப்பு இயல்பானதாகத் தோன்றத் தொடங்கியது. நம்பிக்கை உண்மையானது, அதன் பார்வை எதுவரை எட்டும் என்பதை நலன் வகுத்தது. இதையே நான் ஏற்கிறேன். தாமஸ் ஹாஸ்கெல் 1985இல், தொலைதூரச் சந்தையில் புழங்கியதே கடலுக்கு அப்பாலும் தமக்குப் பொறுப்புண்டு என்ற உணர்வை வளர்த்தது என்றார். அதே சந்தையில் புழங்கிய லிவர்பூல் அடிமை வணிகர்களுக்கு அது ஏன் வரவில்லை என்பதற்கு அவரிடம் போதிய விடை இல்லை.

வில்லியம்ஸ் ஓர் இயலை அடிமைகளுக்கே ஒதுக்கியிருந்தார். பின்வந்த விவாதம் அதைப் பெரிதும் கண்டுகொள்ளவில்லை, இது பெருங்குறை. 1831 கிறிஸ்துமஸை ஒட்டி ஜமைக்காவில் பாப்டிஸ்ட் சபை டீக்கன் சாமுவேல் ஷார்ப், பண்டிகை முடிந்தபின் கூலியில்லாமல் வேலைக்குப் போவதில்லை என்று மக்களை விவிலியத்தின்மீது சத்தியம் செய்யவைத்தார். பல்லாயிரம் பேர் எழுந்தார்கள். முந்நூறு பேருக்கு மேல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஷார்ப் 1832இல் தூக்கிலேற்றப்பட்டார். அந்தச் சத்தியத்தில் எது நம்பிக்கை, எது நலன் என்று பிரிக்க முயல்வது வீண்.

பிரிட்டிஷ் இயக்கத்தின் எல்லை, பணம் கைமாறியபோது தெரிந்தது. இழப்பீடாக 2 கோடி பவுண்டு உடைமையாளர்களுக்குப் போனது; விடுதலை பெற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் 1838 வரை அவர்கள் பழைய எசமானர்களிடமே பெரும்பாலும் கூலியின்றி உழைத்தார்கள். ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு பெற்ற ஜான் கிளாட்ஸ்டன், அதே 1838இல் பிரிட்டிஷ் கயானாவிலிருந்த டெமராராவுக்கு இந்தியக் கூலிகளை வரவழைத்தார். மொரீசியஸுக்கு அதற்கு முன்பே ஒப்பந்தக் கூலிகள் போய்க்கொண்டிருந்தார்கள். தமிழர்களும் அவர்களில் உண்டு. அடிமை ஒழிப்பாளர்கள் இதையும் எதிர்த்தார்கள். 1839இல் ஆளேற்றுமதி நிறுத்தப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்ததால் மொரீசியஸுக்கு 1842இல் மறுபடி அனுமதி கிடைத்தது.

1833இல் வென்ற இயக்கம் ஒன்பதே ஆண்டுகளில் நம்மவர் விஷயத்தில் ஏன் தோற்றது? தமிழ் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைக் கையிலெடுக்க வேண்டும்.