நெகட்டிவ் எங்கே?

வில்லியனூர் பக்கத்தில் ஒதியம்பட்டிலிருந்து ஒரு வாசகர் நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். பாரீஸில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் லீவில் வந்தபோது ஒரு ப்ளூ-ரே பிளேயர் கொண்டுவந்து கொடுத்தாராம். (நமக்கு துபாய் என்றால் பாண்டிச்சேரிக்காரர்களுக்கு பிரான்ஸ்.) 'இதுல போட்டுப் பாக்க இங்கிலீஷ் படம் எவ்வளவோ கிடைக்குது சார். நான் பாக்க நினைக்கிற தமிழ்ப் படமெல்லாம் எப்ப வரும்?' என்று கேட்டு, கூடவே ஒரு பட்டியல். 'உதிரிப்பூக்கள்', 'அவள் அப்படித்தான்', 'மூன்றாம் பிறை', 'வீடு' என்று போகிறது. என்னைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் கொடுத்திருப்பேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. வி.சி.டி.யில் நாம் பார்த்த படம் 352-க்கு 288 புள்ளிகள். சுமார் ஒரு லட்சம். டி.வி.டி.யில் 720-க்கு 576. நாலு லட்சத்துச் சொச்சம். ப்ளூ-ரேயில் 1920-க்கு 1080. இருபது லட்சத்துக்கும் மேலே, அதாவது டி.வி.டி.யைப் போல் சரியாக ஐந்து மடங்கு. சிவப்பு லேசருக்குப் பதில் அலைநீளம் குறைந்த ஊதா லேசர்; அதனால் தட்டில் குழிகளை இன்னும் நெருக்கிப் போடலாம். அதே பன்னிரண்டு சென்டிமீட்டர் தட்டில் 25 ஜி.பி., இரண்டு அடுக்கு என்றால் 50 ஜி.பி. 2006-ல் கடைக்கு வந்து, தோஷிபாவின் எச்.டி. டி.வி.டி.யோடு குடுமிப்பிடிச் சண்டை போட்டு 2008-ல் ஜெயித்தது. அந்த நாட்களில் இங்கே மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு வி.சி.டி.யும் 34 ரூபாய்க்கு டி.வி.டி.யும் விற்றுக்கொண்டிருந்தது. ஒரு சினிமா டிக்கெட் காசில் படமே சொந்தம். தரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

தரம் குறைந்தால் என்ன போகிறது? 'மூன்றாம் பிறை'யின் ஊட்டிப் பனியை எடுத்துக்கொள்ளுங்கள். பனி என்பது ஓரமே இல்லாத சமாசாரம். வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவே நூறு படிகள் இருக்கும். மட்டமான கம்ப்ரஷன் அந்த நூறைப் பத்தாகக் குறைத்து, சதுரம் சதுரமாக வெட்டி வைத்துவிடும். பாலு மகேந்திராவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த ஒளிப்பதிவை நம்மில் பலர் பாத்ரூம் டைல்ஸாகத்தான் பார்த்திருக்கிறோம்.

'உதிரிப்பூக்கள்' கடைசிக் காட்சியில் இதைவிட மோசம். விஜயன் ஆற்றை நோக்கிப் போகிறார், ஊரே நின்று பார்க்கிறது. இத்தனை நாள் பொறுத்துப்போன ஜனங்களின் முகத்தில் இருப்பது கோபமா, பயமா, தாங்கள் செய்யும் காரியத்தைப் பற்றிய கூச்சமா? அந்தக் காட்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது. மகேந்திரன் வசனத்தைக் குறைத்ததே முகங்கள் பேசிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான். அசோக்குமாரும் முகங்களை எடுத்துத்தான் கொடுத்தார். வி.சி.டி.யில் அத்தனை பேர் தலையும் தீக்குச்சி மருந்து. ஆகவே, தெளிவான தட்டு வேண்டும் என்பது பணக்கார ஆசை இல்லை. அந்தப் படத்தில் என்ன நடந்தது என்று முழுசாகத் தெரிந்துகொள்ளும் ஆசை.

சரி, எப்போது வரும்? தட்டு அச்சடிப்பது இதில் கடைசி வேலை, சுலபமான வேலை. அதற்கு முன்னால் நெகட்டிவ் வேண்டும். 35 எம்.எம். நெகட்டிவில் ப்ளூ-ரேக்கு வேண்டியதைவிட அதிகமாகவே விவரம் இருக்கிறது. 1950-ல் எடுத்த படத்தையும் இன்று பளிச்சென்று பார்க்க முடிவது அதனால்தான். நெகட்டிவ் இல்லாவிட்டால் டூப் நெகட்டிவ், அதுவும் இல்லாவிட்டால் தியேட்டரில் ஓடிக் கீறல் விழுந்த பிரிண்ட். எதுவுமே இல்லாவிட்டால் டி.வி.க்காக எப்போதோ வீடியோ டேப்பில் பதிந்து வைத்தது. டேப்பில் இல்லாத விவரத்தை எந்தத் தட்டும் கொண்டுவர முடியாது. டேப்பைப் பெரிதாக்கி 'எச்.டி.' என்று ஸ்டிக்கர் ஒட்டினால், அது பழைய சோற்றை வெள்ளித்தட்டில் வைத்த கதை.

இனி, பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த படத்துக்கு வருகிறேன். 1988-ல் வந்த 'வீடு'. ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சொந்த வீடு கட்டப் படும் பாடு, அவ்வளவுதான் கதை. உங்கள் வில்லியனூர்ப் பக்கம் வயலெல்லாம் மனை ஆகிக்கொண்டிருக்கும்போது இன்னும் நன்றாகவே புரியும். சொக்கலிங்க பாகவதர், தாத்தா. அரைகுறையாக நிற்கும் வீட்டைப் பார்க்க வருகிறார். சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். அந்தக் கிழவரின் தோலும் பூசாத செங்கலும் ஒரே வெளிச்சத்தில். பின்னால் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசை. வசனத்துக்கு அங்கே வேலையே இல்லை. தோலின் சுருக்கமும் செங்கலின் சொரசொரப்பும் தெரிந்தால்தான் அந்தக் காட்சி. நம் கையில் இருக்கும் காப்பிகளில் இரண்டுமே ஒரே மொழுமொழு பழுப்பு.

'வீடு', 'சந்தியா ராகம்' இரண்டின் நெகட்டிவும் அழிந்துவிட்டதாக பாலு மகேந்திரா தன் கடைசிக் காலத்தில் மேடைகளில் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். தமிழ்நாட்டுக்கு ஒரு ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2014 பிப்ரவரியில் போய்விட்டார். தேசிய விருது பெற்ற படம் எடுத்தவருக்கே இந்தக் கதி.

ஒதியம்பட்டிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி கடற்கரை. அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் இரண்டில் சுமார் 11,000 சைவச் சுவடிகளைக் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார்கள். 2005-ல் யுனெஸ்கோவின் 'உலக நினைவு'ப் பட்டியலில் இடம்பெற்றவை. பனை ஓலை. கரையான் தின்னும், பூச்சி அரிக்கும், ஈரத்தில் மக்கும். ஆனாலும் சில நூறு வருஷ ஓலையை இன்று போய்ப் படிக்க முடிகிறது. ஆள் வைத்துத் துடைக்கிறார்கள், அடுக்குகிறார்கள், அவ்வளவுதான் ரகசியம். 1988-ல் எடுத்த படத்துக்கு நம்மால் அதைக்கூடச் செய்ய முடியவில்லை.

ஃபிலிமுக்கு நம்ம ஊர் வெயிலும் புழுக்கமும் எமன். அசிடேட் ஃபிலிம் கெட ஆரம்பித்தால் காடி வாசனை வரும். 'வினிகர் சிண்ட்ரோம்' என்று பெயர். அதிலிருந்து கிளம்பும் அமிலமே அடுத்த சுருளையும் கெடுக்கும். கலர் படம் என்றால் சாயம் வெளுத்துப்போய் எல்லோரும் ரோஸ் நிறத்தில் நடமாடுவார்கள்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சத்யஜித் ராயின் அபு படங்களின் நெகட்டிவ்கள் 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் தீயில் மாட்டின. கருகியதைக் குப்பையில் போடாமல் அமெரிக்காவில் எடுத்து வைத்தார்கள். இருபது வருஷம் கழித்து, இத்தாலியின் போலோன்யாவில் அவற்றைக் கையால் சீராக்கி, தேறாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளைத் தேடி, 2015-ல் கிரைடீரியன் ப்ளூ-ரேயாகவே வந்துவிட்டது. எரிந்த படம் கிடைக்கிறது, எரியாத படம் கிடைக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. உதயசங்கரின் 'கல்பனா', 1948. இந்திப் படம்தான், ஆனால் எடுத்தது மெட்ராஸ் ஜெமினி ஸ்டூடியோவில். நம்ம பத்மினி முதன்முதலில் திரையில் ஆடியது அதில்தான். புனே காப்பகத்தில் இருந்த டூப் நெகட்டிவை வைத்து, ஸ்கார்ஸேஸியின் அமைப்பு அதைச் சீரமைத்தது. 2022-ல் கிரைடீரியன் பெட்டி ஒன்றில் ப்ளூ-ரே வந்தது. வாங்கிப் போட்டால் ஓடாது! அது அமெரிக்காவுக்கான 'ஏ' மண்டலத் தட்டு. பாரீஸ் பிளேயர் 'பி'. இந்தியா 'சி'. மெட்ராஸில் பிறந்து, இத்தாலியில் வைத்தியம் பார்த்து, நியூயார்க்கில் தட்டான படம் ஒதியம்பட்டு ஹாலில் பேச மறுக்கும்.

'இப்பத்தான் எல்லாப் படமும் 4கே-ல வருதே' என்பீர்கள். வருகிறது. 2012-ல் 'கர்ணன்' மறுபடி வந்து நூறு நாளைத் தாண்டியபோதே பழசுக்கும் சந்தை உண்டு என்று தெரிந்துவிட்டது. 2023-ல் 'நாயகன்', 2024-ல் 'கில்லி'. விசில் சத்தம் காதைப் பிளந்தது, சந்தோஷம். ஆனால் போஸ்டரில் 4கே என்று போடுகிறவர்கள், எதிலிருந்து எடுத்த 4கே என்று ஒரு வரி போடக் கூடாதா? நெகட்டிவா, பிரிண்டா? கலரை யார் சரிபார்த்தார்கள்? ஃபிலிமுக்கே உரிய அந்தப் பொடிப்பொடியான மணலை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டால், நடிகர் முகம் கல்யாண ஆல்பம் மாதிரி மெழுகாகிவிடும். பழைய சவுண்டைத் தூக்கிவிட்டுப் புதுசாக இடி, மின்னல் சேர்த்தால் அது வேறு படம். சீரமைப்பு என்பது படம் வெளியான அன்று இருந்த மாதிரி கொடுப்பது. இன்றைய பட மாதிரி ஆக்கிக் கொடுத்தால் அதற்குப் பெயர் மேக்கப்.

இதற்குள் தட்டுக்கே வயசாகிவிட்டது. மோசர் பேர் 2018-ல் கலைப்புக்குப் போயிற்று. சாம்சங் 2019-ல் அமெரிக்காவுக்குப் புது பிளேயர் கிடையாது என்று அறிவித்தது. ஸ்ட்ரீமிங்கில் வந்தால் போதாதா என்றால், எனக்குப் போதாது. ப்ளூ-ரே படத்துக்கு விநாடிக்கு 40 மெகாபிட் வரை தரும், ஸ்ட்ரீமிங் எச்.டி. பெரும்பாலும் அதில் கால்வாசிகூட இல்லை. பனி மறுபடியும் டைல்ஸ். தவிர, ஒப்பந்தம் முடிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் படம் காணாமல் போகும். அலமாரியில் இருக்கும் தட்டை யாரும் வந்து எடுத்துப் போவதில்லை.

2022-ல் மத்திய அரசு பழைய படங்களைச் சீரமைக்க 363 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. நல்லது. புதுச்சேரி அரசு சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் சிறந்த படத்துக்கு விருது கொடுக்கிறது. அந்த விருதோடு, படத்தின் கெடாத பிரதி ஒன்றையும் வாங்கிப் பத்திரமாகக் குளிர் அறையில் வைக்கலாமே. ஓலைச்சுவடிக்குப் பழகிய ஊர்தானே.

பழைய தயாரிப்பாளர்கள், விநியோகஸ்தர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பரணில் தகர டப்பாக்கள் இருந்தால் இறக்கிப் பாருங்கள். காடி வாசனை வந்தாலும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். புனே காப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டு விவரம் கேளுங்கள். டப்பா மேல் 'வீடு' என்று எழுதியிருந்தால், எந்த நிலைமையில் இருந்தாலும், அன்றைக்கே எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.